கேள்வித்தாளுக்குச் சிவப்பு விழுந்தது

‘சமர்ப்பி’ என்ற பச்சைப் பொத்தானை அழுத்திய பிறகுதான், தான் உட்கார்ந்திருப்பது ஒத்திகைத் தளம் இல்லை, நிஜத் தளம் என்பது அவர் கண்ணில் பட்டது.

அலுவலகத்தில் அவருக்குக் கேள்வித்தாள் என்று பட்டப்பெயர். அரசுச் சேவை மையங்களிலும் நூலகங்களிலும் வேலை பார்ப்பவர்களின் மனநிலையை இணையத்திலேயே சோதித்துச் சொல்லும் ‘மனக்கண்ணாடி’யை உருவாக்கியவர் அவர்தான். முதலில் ஊழியர்கள், நாளை மறுநாள் நடக்கும் தொடக்க விழாவுக்குப் பிறகு பொதுமக்கள் என்று ஏற்பாடு. ஊழியர்கள் எல்லோரும் நிரப்பி முடித்திருந்தார்கள். அரசு நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவிகூட, உண்மையைச் சொல்லலாமா என்று கேட்டுவிட்டுத்தான் நிரப்பினாள். தாராளமாகச் சொல், ஆலோசகரைத் தவிர ஈ காக்கை படிக்காது என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒத்திகைக்காக வாரம் முழுவதும் வாய்க்கு வந்ததைப் பதிலாகப் போட்டுக்கொண்டிருந்தவர், அன்று மதியம் ஏதோ ஞாபகத்தில் நிஜத்தையே போட்டுவிட்டார். அலுவலகக் கழிவறையில் அழுததுண்டா? சில நேரம். கைபேசி அடித்தால் கை நடுங்குமா? எப்போதும். வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குள் போகாமல் வெளியே உட்காருவீர்களா? தினமும்.

திரை சிவந்தது. ‘கவலை வேண்டாம். உங்கள் மேல் அக்கறை உள்ள ஒருவர் விரைவில் தொடர்புகொள்வார்’ என்றது. அந்த வாக்கியத்தை எழுதியவரும் அவர்தான். அன்றைக்கு எழுதும்போது நெஞ்சு நிறைந்திருந்தது. இப்போது திரையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை வெளியே தெரிந்தால், விழாவன்று எந்த முகத்தோடு மேடையேறுவது? பதிலை அழித்துவிடப் பார்த்தார். அழியவில்லை. ஒருமுறை சொன்னதை யாரும் அழிக்கக் கூடாது, பதறி அழிப்பவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது அவருடைய விதி. முதலில் ஒன்று சொல்லிப் பிறகு மாற்றிச் சொன்னால் சிவப்பு அடர்சிவப்பாகும் என்பது இன்னொரு விதி. ஒருவருடைய பதில் யார் கைக்குப் போகிறது என்பதை அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தில் கைதட்டல் வாங்கியவர். பதற்றத்தில் இரண்டாவது விதியை மறந்து, ‘ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை’ என்று புதிதாக நிரப்பி அனுப்பினார். திரை மாதுளை நிறத்துக்கு வந்தது.

சிவப்பு விழுந்தவர்களின் பதில்கள் எல்லாம் அன்று மாலை மொத்தமாக ஆலோசகருக்குப் போய்ச் சேரும். ஆலோசகர் தங்கமானவர்தான், ஆனால் தினமும் இயக்குநர் அம்மாவோடு ஒரே மேஜையில் சாப்பிடுபவர். கேள்வித்தாள் யோசித்தார். பெறுபவர் என்ற இடத்தில் இருந்த ஆலோசகரின் முகவரியை எடுத்துவிட்டு, தன் முகவரியைப் போட்டார். தன் சிவப்பு தன்னிடமே வந்து சேரட்டும், நாளை பழையபடி மாற்றிவிடலாம். நல்லபடியாகத் தப்பித்தோம் என்று வீட்டுக்குக் கிளம்பினார்.

அவர்கள் குடியிருப்பது இரண்டாவது மாடி. வழக்கம்போல் வீட்டுக்குக் கீழே இருக்கும் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, பிறகு போய்க் கதவைத் திறந்தார். வழக்கம்போல் அவர் உள்ளே போன சற்று நேரத்தில் மனைவி வந்தாள். வழக்கத்துக்கு மாறாக, குப்பையைக் கொட்டுவது யார் என்ற சண்டையை ஆரம்பிக்காமல் தானே எடுத்துக்கொண்டு போனாள். அவர் முகத்தை அவள் நேராகப் பார்க்கவே இல்லை. அவருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை மின்தூக்கியில் அவர் ஏறியதும் பேச்சு நின்றது. இரண்டு பேர் தங்களுக்கு வேலையே இல்லாத மாடியில் இறங்கிக்கொண்டார்கள். குண்டூசி கேட்டாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் கணக்கர், எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுத்தார். தேநீரும் வாங்கி வந்தார்.

முகவரி மாற்றியது பலிக்கவில்லை, விஷயம் ஊர் சிரித்துவிட்டது என்று கேள்வித்தாளுக்கு உறுதியாயிற்று. மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் படிக்காத கடிதங்கள் மலைபோல் கிடந்தன. இத்தனை பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்களா? ஒன்றைக்கூடத் திறக்கத் தைரியம் இல்லாமல் மூடிவிட்டார். மறைக்க முடியாததை நேரில் பேசிச் சின்னதாக்கிவிடுவது என்று முடிவு செய்து, கணக்கரை நடைக்கூடத்தில் பிடித்தார்.

“அந்தக் கழிவறை விஷயம் இருக்கே...”

கணக்கரின் கையில் இருந்த தேநீர் தளும்பியது.

“குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு அழறது. அது எப்பவாவதுதான். அதைப் பெரிசு பண்ண வேண்டாம்.”

“ஆமா சார், எப்பவாவதுதான்,” என்றார் கணக்கர். அதற்குப் பிறகு அவரை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். என்ன இளகின மனசு, என் கஷ்டத்துக்கு இவர் படுத்துவிட்டாரே என்று கேள்வித்தாள் கூசிப்போனார்.

மதியம் இயக்குநர் அம்மா கூப்பிட்டனுப்பினார். அவர் கத்தினால் கீழ்த் தளத்தில் வரிசையில் நிற்பவர்கள் நேராக நிற்பார்கள். அப்படிப்பட்டவர் அன்று தானே எழுந்து கதவைச் சாத்தினார். “உட்காருங்க” என்று மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

“மேடம், போன் அடிச்சா கை நடுங்குறதைப் பத்தி...” என்று கேள்வித்தாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அதுவும் மேலிடத்துப் போன்னா. அதுக்காக ஒருத்தருக்கு வேலை தெரியாதுன்னு ஆயிடாது.”

இயக்குநர் அம்மா மேஜையில் இருந்த கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

“இது வெளியில தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?”

“அசிங்கம்தான் மேடம். இந்தப் பதவியில இருந்துக்கிட்டு இப்படின்னா, சிரிப்பாங்க.”

அறை வாங்கியவர்போல் அந்த அம்மாள் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, நாளைய விழா வேண்டாம், காலவரையறை இல்லாமல் தள்ளிவைத்துவிடலாம் என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். கேள்வித்தாள் எழுந்து வந்தார். எத்தனை பேருடைய உழைப்பு. தன் ஒருவனால் எல்லாம் பாழாயிற்று.

அன்று மாலை படியில் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்கவே மனம் இல்லை. உள்ளே போனபோது இருட்டிவிட்டது. சற்று நேரத்தில் மனைவி வந்தாள். அவர் கேட்காமலே தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் நழுவப் பார்த்தாள்.

“நில்லு,” என்றார் அவர். “எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, உனக்கு மட்டும் எதுக்கு மறைக்கணும். வேலை முடிஞ்சு வந்து, உள்ள வராம படியில உட்கார்றது...”

அவள் முகம் வெளிறியது. “அப்போ படிச்சிட்டீங்க.”

“எதை?”

“என்னோட பதிலை.”

“உன் பதிலை நான் எதுக்குப் படிக்கிறேன்? நான் சொல்றது என்னைப் பத்தி. எனக்குச் சிவப்பு விழுந்திடுச்சு. ஆபீஸ் முழுக்கத் தெரிஞ்சிடுச்சு.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கைபேசியைத் தேடி எடுத்து நீட்டினாள். முந்தின நாள் மாலை, நிரப்பிய அத்தனை பேருக்கும் போயிருந்த செய்தி அது: ‘தங்கள் பதில்கள் இனி ஆலோசகருக்குப் பதிலாக, இக்கருவியை உருவாக்கிய அதிகாரியின் நேரடிப் பார்வைக்கு அனுப்பப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’

கேள்வித்தாள் இரண்டு முறை படித்தார். மூன்றாவது விதி. கைதட்டல் அதிகமாகக் கிடைத்தது இதற்குத்தான். திறக்காமல் விட்ட கடிதங்கள் என்ன என்று புரிந்தது. கணக்கரின் கையில் தேநீர் ஏன் தளும்பியது என்பதும், ‘அசிங்கம்தான்’ என்று யாருடைய முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தோம் என்பதும் புரிந்தன. அதுவரை பட்ட வெட்கமெல்லாம் வெட்கமே இல்லை என்றாயிற்று. கூசிக் குறுகிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மனைவியை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

“நீ என்ன எழுதியிருந்தே?”

“நீங்க கீழ்ப்படியிலேருந்து எழுந்து உள்ள போற வரைக்கும், தினமும் நான் மேல்மாடிக்குப் போற படியில உட்கார்ந்திருக்கேன்னு.”