அறிவுச்செல்வன் எழுதிய நாவல்

திங்கட்கிழமை காலை லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றதும் அறிவுச்செல்வனுக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. பட்டனை முப்பது விநாடி அமுக்கினார். இருட்டு. சார்ஜரைப் பிடுங்கிச் செருகினார். அதே இருட்டு. "அப்பாடா, அண்ணாமலையாரே!" என்று ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக் கும்பிடு போட்டார்.

மகள் இனியா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அது. அவள் கல்யாணமாகி ஓசூர் போனபின், அதில் நாவல் எழுதுவதாக ஏழு வருடமாக மின்வாரிய ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எழுதியது ஒரே வரி: 'மலை அமைதியாக இருந்தது.' ஏழு வருடமாக அது அமைதியாகவே இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து லேப்டாப் மூடிமேல் காபி டம்ளரை வைப்பதோடு சரி. அந்த மூடியும் தினம் கொதிக்கும். ஊர் வெயில் அப்படி.

வெள்ளிக்கிழமை அவருக்கு ரிட்டயர்மென்ட். விழா மேடையிலேயே நாவலை அச்சுக்குக் கொடுப்பதாக, கூட வேலை பார்க்கும் வல்லரசு நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டான். மானம் போகிற நேரத்தில் லேப்டாப் போனது தெய்வச் செயல் இல்லாமல் வேறென்ன?

"போச்சு வல்லரசு. எல்லாம் போச்சு."

"ஐயையோ சார்! ஏழு வருஷ உழைப்பாச்சே!" வல்லரசு அழுதேவிட்டான். அறிவுச்செல்வனும் கூடவே இரண்டு சொட்டு விட்டார். டீ வந்தது, மசால் வடை வந்தது.

நிம்மதியாக வீடு திரும்பினால் லேப்டாப்பைக் காணோம். மனைவி ராணியம்மாளையும் காணோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அய்யூப் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விழுந்தடித்து ஓடினார்.

"உயிர் இருக்குது சார்!" என்றார் அய்யூப். "ரேம்ல தூசி ஜாஸ்தி. பென்சில் ரப்பர் போட்டுத் தேய்ச்சேன், லைட்டு வந்துடுச்சு. நாளைக்கு ஸ்க்ரீனும் வந்துடும்."

"வயசான மெஷின் பாய். இம்சை பண்ணாதீங்க. நிம்மதியா போவட்டும்."

"என்னங்க பேசறீங்க? நாலு வருஷ உழைப்புங்க அது!" ராணியம்மாளுக்குக் குரல் உடைந்தது.

"ஏழு," என்று திருத்தினார். எண்ணத் தெரியாவிட்டாலும் புருஷன் எழுத்தின் மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று அவருக்கு நெஞ்சே இளகிவிட்டது.

ஆனாலும் மானம் பெரிதல்லவா? 'நானே பார்த்துக்கறேன்' என்று லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, ராணியம்மாள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து முழு டம்ளர் காபியையும் கீபோர்டில் கவிழ்த்தார்.

"அடடா, கை தவறிடுச்சே!"

ராணியம்மாள் லேப்டாப்பை அரிசி டிரம்மில் புதைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். மறுநாள் மறுபடி அய்யூப் கடை.

"போர்டு காலி சார்."

அறிவுச்செல்வன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிப்பை வேறெங்கே மறைப்பது?

"ஆனா ஹார்ட் டிஸ்க்குல ஒரு சொட்டுகூடப் படல. கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா போதும்."

துண்டு முகத்திலேயே நின்றது.

ராணியம்மாளோ, டிஸ்க்கைச் சாமி காலடியில் வைத்து எடுத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும், ஃபைல் கிடைத்தால் வெறுங்காலோடு கிரிவலம் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். "அதுக்கென்ன, நானே வெச்சு எடுத்தாறேன்," என்று வியாழக்கிழமை காலை அய்யூப்பிடம் டிஸ்க்கை மஞ்சள் துணியில் முடிந்து வாங்கிக்கொண்டார்.

கிரிவலப் பாதையில் ஒரு சின்னக் கோயில். வாய் அகன்ற உண்டியல். உண்டியலில் விழுந்தது சாமிக்குச் சொந்தம். கலெக்டரே வந்து கேட்டாலும் திரும்பி வராது. டொக்கென்று போட்டார்.

"என்ன சார் போட்டீங்க, இந்தச் சத்தம் கேக்குது?" என்றார் குருக்கள்.

"நாவல், சாமி."

வீட்டில் வந்து, காணிக்கை போடும்போது அதுவும் சேர்ந்து விழுந்துவிட்டது என்றார். ராணியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அவ்ளோதானா?" என்று மட்டும் கேட்டாள். பாவமாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை கழியட்டும், ஒரு புடவை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் ஹால் நிரம்பி வழிந்தது. மாலை, சால்வை எல்லாம் ஆனபின் அறிவுச்செல்வன் மைக்கைப் பிடித்தார். "என் நாவல் அந்த அண்ணாமலையாருக்கே தேவைப்பட்டிருக்கு..."

கைதட்டல் அடங்குவதற்குள் அய்யூப் பென் டிரைவோடு மேடை ஏறினார்.

"கவலையே படாதீங்க சார்! துணியில முடியறதுக்கு முன்னாடியே காப்பி எடுத்து வெச்சுட்டேன். எழுதினது அப்படியே இருக்குது!"

அறிவுச்செல்வன் மேடையை விட்டு இறங்கும் படியைத் தேடினார். முப்பத்து நாலு வருட சர்வீஸ் மானம் ஒரே வரியில் போகப்போகிறது.

"மொத்தம் நானூத்திப் பன்னெண்டு பக்கம். எங்க பொண்ணு மெஹ்விஷ் படிச்சுட்டு அழுதுட்டா சார்!"

ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. நானூற்றுப் பன்னிரண்டா? சாமியே எழுதி முடித்துவிட்டாரா? அறிவுச்செல்வனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த முறை நிஜத் தண்ணீர். முன்வரிசையில் ராணியம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏதோ நம்மால முடிஞ்சது," என்றார் அவர், மிகவும் அடக்கமாக.

அய்யூப் அவர் காதருகே குனிந்தார். மைக் ஆனில்தான் இருந்தது.

"சார், அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம். முதல் பக்கத்துல எழுதினவங்க பேரு ராணியம்மாள்னு இருக்குது, அதை அப்படியே உட்டுடட்டுமா?"