மலை உச்சியில் விழித்த என்ஜின்

"இந்தப் பயணத்துல ஒரு சொட்டு பெட்ரோல் எரிஞ்சாலும் என் மீசையை எடுத்துடறேன்" என்று, கிளம்புவதற்கு முந்தின ராத்திரி என் வீட்டுக்காரர் சபதம் செய்தார்.

அவருக்கு மீசை இருப்பதே வெயிலில் நின்றால்தான் தெரியும்.

"மீசை எனக்கு எதுக்குங்க? ஸ்டியரிங்கைக் குடுங்க."

"என்னது?"

"பெட்ரோல் என்ஜின் எந்த இடத்துல ஓடுதோ, அந்த இடத்துலேர்ந்து உங்க அக்கா வீடு வரைக்கும் நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி பாப்பாகூட உக்காரணும்."

சிரித்தார். "ஓடினாத்தானேம்மா! சரி, பந்தயம்!"

நானும் சரி என்றேன். நானே வலியப் பந்தயம் கட்டினால் சந்தேகப்பட வேண்டாமா மனுஷன்?

எங்கள் புது வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஓடுவது கரண்டில். ஆனால் முன்னால் ஒரு சின்னப் பெட்ரோல் என்ஜினும் இருக்கிறது. அதற்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பேட்டரி இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், அது எழுந்து கரண்டு தயாரித்துக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலையையும் என் வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. வண்டி வாங்கி ஆறு வாரம். தினமும் சார்ஜ் போட்டு, என்ஜினைத் தொட்டிலில் போட்ட மாதிரி தூங்கவே வைத்திருந்தார்.

என்னையும் தொடவிடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் பேக்கரி வேன் ஓட்டியவள் நான். குறுகல் சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்தால் ரெண்டு பக்கச் சுவரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இருந்தும் ஆறு வாரமாக எனக்குக் கிடைத்த உத்தியோகம், கண்ணாடி துடைப்பது.

விடியற்காலை கிளம்பினோம். நாத்தனார் வீடு மலைக்கு அந்தப் பக்கம், நானூறு கிலோமீட்டர். நடுவில் ஒரு இடத்தில் சார்ஜ் போடுவதாக ஏற்பாடு.

உண்மையைச் சொல்ல வேண்டும். வண்டி கிளம்பியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தமே இல்லை! தெரு நகர்ந்தது, மரங்கள் நகர்ந்தன, நாங்கள் மட்டும் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. பேக்கரி வேனில் பக்கத்து சீட்டுக்காரரோடு பேச மைக் வேண்டும். இதிலோ பாப்பா பிஸ்கட் கடிப்பது இடி மாதிரி கேட்டது.

"ஏசி போடுங்களேன்."

"போட்டா சார்ஜ் இறங்கும்."

"கொஞ்சம் வேகமா போங்களேன்."

"போனா சார்ஜ் இறங்கும்."

"நான் பேசலாமா?"

"மெதுவா பேசு."

லாரி முந்தியது. டிராக்டர் முந்தியது. சைக்கிளில் போன தபால்காரர் பக்கத்தில் வந்து, "வண்டி ரிப்பேரா சார்? தள்ளணுமா?" என்று கேட்டார். இவர் அசையவில்லை. கண் ரோட்டில் பாதி, சதவீதத்தில் பாதி.

மலை ஏறினோம். வளைவுக்கு மேல் வளைவு. பேக்கரி வேன் இங்கே வந்திருந்தால் அழுதிருக்கும். இது ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. உச்சியில் நிறுத்தி இறங்கினோம். கீழே மேகம்! நாங்கள் மேகத்துக்கு மேலே! ரோடு அதற்குள் நாடா மாதிரி நுழைந்து காணாமல் போனது. பேசத் தோன்றவில்லை. பாப்பாகூட வாயை மூடிக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அது சரித்திரம்.

"அம்பத்தி ரெண்டு சதவீதம்!" என்றார் இவர், மேகத்தைப் பார்த்து. "இந்த வண்டியில ஒரு துளி பெட்ரோல் எரியலை. நினைச்சாலே புல்லரிக்குது."

மணி பதினொன்று ஐந்து. ஏறி உட்கார்ந்து, பட்டனை அமுக்கினார்.

டுர்ர்ர்ர்ர்.

"யாருடா அது?" என்று வெளியே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. சத்தம் எங்கள் வண்டிக்குள்ளேயிருந்துதான் வந்தது.

அணைத்துப் போட்டார். டுர்ர்ர். மறுபடி அணைத்தார். மறுபடி டுர்ர்ர். முகம் வெளுத்துவிட்டது. ஷோரூம் மெக்கானிக்குக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"தம்பி, அம்பத்தி ரெண்டு சதவீதம் இருக்கு! என்ஜின் தானா ஓடுதுய்யா!"

"கடைசியா எப்ப சார் என்ஜின் ஓடுச்சு?"

"ஓடவே இல்லை!" இதைச் சொல்லும்போதும் ஒரு பெருமை.

"அதான் சார். ஆறு வாரம் சும்மா கிடந்தா, உள்ளே எண்ணெய் காயாம இருக்கிறதுக்கு அதுவே பத்து நிமிஷம் ஓடிக்கும். வண்டியோட குடுத்த புத்தகத்துல போட்டிருக்கே. முந்தின நாளே திரையில கேட்டிருக்குமே, இப்ப ஓட்டட்டுமா, நாளைக்கு ஓட்டட்டுமான்னு?"

"கேக்கலையே!"

"கேட்டிருக்கும் சார். யாரோ நாளைக்குன்னு அமுக்கியிருக்காங்க. அமுக்கினதிலேர்ந்து சரியா இருபத்திநாலு மணி நேரம் கழிச்சு ஓடும்."

இவர் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. நேற்றுப் பதினொன்று ஐந்துக்கு வண்டியில் பெட்டி அடுக்கியது நான்தான். திரையில் அது கேட்டது. மரியாதையாகக் கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தைப் பாப்பாவைத் தூங்க வைக்கும்போதெல்லாம் படித்து முடித்திருந்தேன். அதன் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இது அநியாயம்" என்றார்.

"பந்தயம்" என்றேன்.

பின்னால் போய் உட்கார்ந்தார். நான் இறக்கத்தில் விட்டேன். அப்போதுதான் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். என்ஜின் பத்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது. ஆனாலும் சதவீதம் ஏறிக்கொண்டே இருந்தது! ஐம்பத்தி மூன்று. ஐம்பத்தி ஐந்து. மலை இறங்க இறங்க, சரிவே சக்கரம் வழியாகப் பேட்டரிக்குள் ஊறியது. மேகத்துக்குள் நுழைந்தோம். வெள்ளை. வெளியே வந்தோம். பச்சை. ஐம்பத்தி எட்டு!

"அது மலையோட வேலை, உன்னோட வேலை இல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏறும்போதும் இதே மலைதானேங்க?"

பின்சீட்டில் இவர் பாப்பாவின் பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

நடுவில் சார்ஜ் போட்டுக்கொண்டு சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். நாத்தனார் வாசலில் நின்றார். ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்ததும், "அடேயப்பா! நீயா ஓட்டிட்டு வந்தே?" என்று வாயைப் பிளந்தார்.

நான் பதில் சொல்வதற்குள் இவர் பின்சீட்டிலிருந்து குதித்தார்.

"நான்தான்க்கா ஓட்டச் சொன்னேன்! மலை ரோடு பழகட்டும்னு. எனக்கு அதுல எல்லாம் பிகுவே கிடையாது!"

"என் தம்பின்னா தம்பிதான்!" அக்காவுக்குக் கண் கலங்கியது. "இதே மாதிரி திரும்பிப் போறப்பவும் அவளே ஓட்டட்டும்டா. நான் வாசல்ல நின்னு கண்ணாரப் பாக்கணும்."

நான் வண்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கிளம்புகிற அன்றைக்கு, யாரும் சொல்லாமலே இவர் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.