கத்திரிக்கோல் வெட்டியெடுத்த ‘ஏலும்’

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் கத்திரிக்கோலிடம் குரலைப் பறிகொடுக்காத உயிர் எதுவும் இல்லை, காகங்கள் உட்பட.

துறைமுக வாசலுக்கு எதிரே ஒரு கந்தோரில் நானும் கத்திரிக்கோலும் எழுதுவினைஞர்கள். மிச்ச நேரத்தில் அவன் ஹிப்-ஹொப் பாட்டுக் கட்டுவான். தகப்பன் விட்டுப்போன ஜாஸ் இசைத்தட்டில் கீறல் விழாத இடம் நான்கே வினாடி. அந்த நான்கு வினாடி சாக்ஸபோனை வெட்டி, திரும்பத் திரும்ப ஒட்டி, அதன்மேல் கப்பல் ஊதலையும் எங்கள் இருமலையும் போடுவான். கத்திரிக்கோல் என்ற பேர் அப்படி வந்ததுதான்.

வரிகளில் ஏச்சு இருக்காது, துவக்குச் சூடு இருக்காது. “பஸ் பிந்தினால் என்ன, யன்னல் சீற் இருக்கு” என்ற ரகம்.

“ஒரு கோபமாவது வையன்டா,” என்றேன்.

“கோபம் எல்லாரிட்டயும் இருக்கு நானா. இல்லாத சாமானைத்தான் நான் செய்யிறன்.”

எங்கள் மனேஜரிடம் இல்லாத சாமான் ‘ஏலும்’ என்ற சொல். லீவு கேட்டாலும், உடையாத கதிரை கேட்டாலும் “ஏலாது”தான். அவர் வாயிலிருந்து ஒரு ‘ஏலும்’ எடுக்கவேண்டுமென்று கத்திரிக்கோல் மூன்று மாதம் போனும் கையுமாக அலைந்தான்.

என் மனைவிக்குப் பிள்ளை பிறக்கும் நாள் நெருங்கியது. லீவுக் கடிதத்தோடு மனேஜரிடம் போனேன். கத்திரிக்கோலும் ஏதோ ஒரு கோப்போடு பின்னால் வந்தான்.

“ஏலுமெண்டால் நான் சொல்லமாட்டனோ?” என்றார் மனேஜர்.

எனக்கு லீவு போச்சு. கத்திரிக்கோலின் முகம் மட்டும் மலர்ந்தது.

இரண்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம் பாட்டைப் போட்டான். சாக்ஸபோன் நெளிய நெளிய மனேஜரின் குரல், “ஏலும்... ஏலும்... ஏலும்...” நாங்கள் சிரித்து முடிக்கமுன் அவரே வாசலில் நின்றார். இவன்ர வேலை முடிஞ்சுது என்று நினைத்தேன்.

“நான் எப்ப இப்பிடிச் சொன்னனான்?”

“சொன்னனீங்கள் சேர். மிச்சத்தை நான் வெட்டிப்போட்டன்.”

மனேஜர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். “திருப்பிப் போடும்.”

மூன்று தரம் கேட்டார். எழும்பிப் போனார். பின்னேரம் என் லீவுக் கடிதம் கையெழுத்தோடு வந்தது.

மகள் பிறந்தபோது நான் கிண்ணியா ஆஸ்பத்திரியில் இருந்தேன். மறுநாள், பிள்ளையின் அழுகையைப் பதிவுசெய்யவென்றே கத்திரிக்கோல் பஸ் ஏறி வந்தான். பிள்ளையை அவனிடம் கொடுத்தேன். அவளும் வஞ்சகமில்லாமல் அழுதாள். போன் அவன் சட்டைப்பைக்குள் கிடந்தது. எடுக்கக் கை வேண்டுமே. இரண்டு கையும் பிள்ளையைப் பிடிக்கவே போதவில்லை.

அவள் அழுது ஓயும்வரை அவன் பிள்ளையைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.