வஸ்தியாம்பிள்ளை ஞாபகார்த்த பஸ் தரிப்பிடத்தை உடைப்பது சம்பந்தமாக

கடலுக்குக் கரையையும் கரைக்கு மனிதரையும் தந்த ஆண்டவருக்குத் தோத்திரம்.

பழைய கரை வீதி,
மாதாமுனை.

எங்கள் பிரதேச சபையின் மாத மடலாகிய ‘கரைக்குரல்’ ஆசிரியர் ஐயா அவர்களின் மேலான சமுகத்துக்கு, காலஞ்சென்ற வஸ்தியாம்பிள்ளையின் மனைவி மாக்கிறட் கைகூப்பி எழுதிக்கொள்வது. நானும் என் ஆடுகளும் சுகம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் மடல் அச்சடிக்கிற மெசினும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போன மாதம் எழுத்து மங்கலாய் விழுந்திருந்தபடியால் மெசினையும் சேர்த்துக் கேட்கிறேன்.

விசயத்துக்கு வருமுன் எழுதுகிறவள் யாரென்று தாங்கள் அறிய வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் பேரப்பிள்ளைகள் அப்படியில்லை. மூத்த பேத்தி மெரினா ரோமாபுரியில் தாதி. பாப்பரசர் இருக்கிற ஊரிலே வயதானவர்களுக்கு ஊசி போடுகிறாள். அவருக்குப் போட இன்னும் கிடைக்கவில்லை. பேரன் சஜீவன் கட்டார் துறைமுகத்தில் கிறேன் ஓட்டுகிறான். அவன் ஒரு கையால் தூக்குகிற பெட்டி எங்கள் வீட்டிலும் பெரிது. அடுத்தவள் ஷானிகா பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறாள். அவள் லீவில் வந்து படலையைத் திறந்தால் என் ஆடுகள் எழுந்து நிற்கும். கடைக்குட்டி டிலினி புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து சிலாபத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு எடுபட்டிருக்கிறாள். எனக்குப் படிப்பு முடிந்த வகுப்பிலே அவளுக்குப் படிப்புத் தொடங்குகிறது, பாருங்கள்.

இதெல்லாம் கிழவியின் பெருமைக் கதை என்று தாங்கள் நினைக்கலாம். அப்படியானால் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பிடத்தின் சுவரில் வாசித்துப் பார்க்கலாம். எல்லாப் பெயரும் படிப்பும் நீல எனாமலில் எழுதியிருக்கிறது; படிப்பு ஏற ஏறத் திருத்தியும் எழுதுவிக்கிறேன். அந்தத் தரிப்பிடத்தைத்தான் பாவனையில் இல்லாதது, உடைத்து அகற்றப்படும், மறுப்புள்ளோர் எழுதலாம் என்று தங்கள் மடலின் கடைசிப் பக்கத்தில், நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுகிற அறிவித்தலுக்குக் கீழே, போட்டிருக்கிறீர்கள். நாய்க்கு மேல்பக்கம், என் மனுசனுக்குக் கீழ்ப்பக்கம். அது பரவாயில்லை. மறுப்பு எனக்கு உண்டு. எழுதுகிறேன்.

என் மனுசன் கடலில் போனவர். கச்சான் காற்று எழும்பின ஒரு விடியலில் போன வள்ளம் திரும்பவில்லை. பலகை வந்தது, வலை வந்தது, நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பெட்டிகூட மூடி கழலாமல் கரைக்கு வந்தது. அவர் வரவில்லை. ஊராருக்கெல்லாம் சேமக்காலையில் குழியும் சிலுவையும் இருக்கிறது. ஆத்துமாக்கள் திருநாளில் ஆளுக்கொரு மெழுகுதிரியோடு போவார்கள். நான் மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்பேன். பிள்ளைகள்தான் கூடிப் பேசி, “அம்மா, வெறுங்குழிக்குக் கல்லு வைக்கிறதிலும் பார்க்க ஊருக்குப் பிரயோசனமா அப்பாட பேரில ஒரு பஸ் ஹோல்ட் கட்டுவம்” என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் ஏறினால் முதல் வளைவிலேயே சத்தி எடுக்கிற மனுசன் அவர். சிலாபத்துக்குக் கலியாணத்துக்குப் போவதென்றாலும் நான் பஸ்ஸில், அவர் வள்ளத்தில். அந்த மனுசனுக்கு பஸ் ஹோல்ட்! ஆனாலும் கட்டினோம். சபையே அனுமதி தந்தது. அப்போதைய தவிசாளர் வந்து நாடா வெட்டி, எங்கள் வீட்டு மீன் கட்லட்டை மிகவும் சிலாகித்து, ஒரு பார்சலும் கொண்டுபோனார்.

எழுத்து வேலையில் ஒரு பிசகு நடந்தது. பேரப்பிள்ளைகளின் பெயரையும் படிப்பையும் முதலில் எழுது, பெரிதாய் எழுது என்று பெயின்ரருக்குப் பக்கத்தில் நின்று நான்தான் சொன்னேன். அவன் எழுதினான், எழுதினான், சுவர் முடிந்து போயிற்று. கடைசியில் அவருடைய பெயருக்கு இருக்கைக்குக் கீழேதான் இடம் கிடைத்தது. ஆட்கள் இருந்தால் கால்கள் மறைக்கும். அவர் உயிரோடிருந்தபோதும் அப்படித்தான், வீட்டுக்கு யாரும் வந்தால் மனுசன் பின்பக்கம் போய்விடும்.

பிறகு தாங்கள் அறிந்ததே. உள்பக்கமாய்த் தார்க் காப்பெட் போட்ட புது வீதி வந்தது. பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம் போயின. எங்கள் வீதிக்குப் பாண் விற்கிற ஓட்டோவும் காற்றும் மட்டும் மிச்சம்.

அறிவித்தலை வாசித்துச் சொன்னவள் பக்கத்து வீட்டு யூஜீனியா. சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர், நாங்கள் சொல்கிற டீ.ஓ. ஐயா, செவ்வாய்க்கிழமை பார்வையிட வருகிறார் என்ற கதையையும் அவள்தான் கொண்டுவந்தாள். “மாக்கிறட், அவர் வாற நேரம் ஆள் இருந்தாச் சரிதானே? நாங்க போய் இருப்பம்” என்றாள். நல்ல மனசோடு சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் அயலட்டம் முழுவதும் வந்தது. யூஜீனியா நிசமாயிருக்க வேணுமென்று சஜீவனின் சூட்கேசை உருட்டிக்கொண்டு வந்தாள்; ஆனால் வீட்டுச் சட்டையோடும் தலையில் எண்ணெயோடும் வந்தாள். ஒருவர் சேவலோடு வந்தார். கடைக்கார அத்தாஉல்லா நானா தொப்பியைப் போட்டுக்கொண்டு கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்து குந்தினார். டீ.ஓ. ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். சிங்கள ஆள், தமிழ் தெரிந்த ஆள்.

“எங்க போற அம்மா?” என்று யூஜீனியாவைக் கேட்டார்.

அவள் சூட்கேசைப் பார்த்தாள். “கட்டுநாயக்கா எயாப்போட்” என்றாள்.

“இந்த உடுப்போடயா?”

“வெளிநாட்டுல யாரு ஐயா பாக்கப் போறது?”

சேவல்காரர் சிலாபம் என்றார். அத்தாஉல்லா நானா புத்தளம் என்றார். ஐயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். அந்த மட்டில் அவர் போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திராது. ஆனால் அன்றைக்கென்று பார்த்துப் புது வீதியில் தேங்காய் லொறி ஒன்று சரிந்து வழி முழுக்கத் தேங்காய். வாகனங்களை எங்கள் வீதியால் திருப்பிவிட்டிருக்கிறார்கள். வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டது. ஐயா, வருசக்கணக்கில் வராத பஸ், எங்கள் கூட்டத்தைக் கண்டு, புழுதியோடு வந்து எங்கள் முன்னால் நின்றது!

கொண்டக்டர் நுஸ்கி ஒரு காலில் தொங்கிக்கொண்டு, “சிலாபம், சிலாபம்! ஏறுங்க ராத்தா, ஏறுங்க ஆச்சி! யா அல்லா, எத்தின வருசமா நிக்கிறீங்க எல்லாரும்?” என்றான்.

ஒருவரும் அசையவில்லை. டீ.ஓ. ஐயா எங்களைப் பார்த்தார். “ஏறுங்க அம்மா, பஸ் வந்தது தானே?”

யூஜீனியா என் இடுப்பில் கிள்ளினாள். “அடியேய், அடுப்பில சோறு கிடக்கு.”

“பேசாம ஏறு” என்றேன்.

ஏறினோம். சேவலும் ஏறிற்று. நான்தான் கடைசி. யன்னல் ஓரத்தில் இருந்து திரும்பிப் பார்த்தேன். என் மனுசனுக்காக வந்த சனமெல்லாம் பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. ஒரு மூலையில் அத்தாஉல்லா நானா, பக்கத்தில் ஐயா, மற்றபடி வெறும் இருக்கை. கால்கள் இல்லாதபடியால் கீழே அவருடைய பெயர் முழுதாய்த் தெரிந்தது. அன்றைக்கு வள்ளம் போகப் போக நான் கரையிலே நின்று பார்த்தேன். இப்போது நான் போகிறேன், அவர் நிற்கிறார். பஸ் வளைவு திரும்பும்வரை பார்த்தேன். நுஸ்கி டிக்கட் கேட்டு வந்தவன் என் முகத்தைக் கண்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். சிலாபத்தில் இறங்கி, ஒரு காரணமும் இல்லாமல் மீன் சந்தையைச் சுற்றிப் பார்த்து, மீன்காரர் ஊரிலிருந்து போய் மீன் விலை கேட்டு, புது வீதியால் வந்த பஸ்ஸில் திரும்பி, சந்தியில் இறங்கி வெயிலில் நடந்து வந்து சேர்ந்தோம். யூஜீனியாவின் சோறு கரி. அவள் இன்னும் என்னோடு சரியாய்க் கதைப்பதில்லை. அந்தப் பானை அவளுடைய மகள் சீதனமாய்க் கொண்டுபோக வைத்திருந்ததாம்.

இங்கே நடந்ததைக் கேளுங்கள். புத்தளம் போகிறேன் என்று சொன்ன அத்தாஉல்லா நானா மற்றத் திசை என்பதால் தப்பிவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். ஆனால் டீ.ஓ. ஐயா நல்ல மனுசன். கிழவர் தனியே இருக்கிறாரே என்று புத்தளம் பஸ் வரும்வரை துணைக்கு இருந்திருக்கிறார். இரண்டு பேரும் பீடி பற்றி, வெயில் பற்றி, மருமக்கள் பற்றியெல்லாம் கதைத்து முடித்தும் பஸ் இல்லை. அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்னதும் நானா எழும்பி உண்மையைச் சொல்லிவிட்டார்: “மாத்தயா, நீங்களும் வீட்ட போங்க. இந்த றோட்டால பஸ் வாறதில்ல.”

நான் போய்ச் சண்டை பிடித்தேன். “எனக்காக ஒரு பொழுது வாயைப் பொத்திக்கொண்டு இருக்க ஏலாதா நானா?”

“இருந்தன் தானே ராத்தா. பகல் முழுக்க இருந்தன். பொய்ய வாயில வச்சிக்கிட்டு எப்பிடி தொழுகையில அல்லாஹ்ட முன்னுக்குப் போய் நிக்கிற?” என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. சீனி ஒரு பொட்டலம் சும்மா கட்டித் தந்தார். நான் வாங்கவில்லை. பிறகு வாங்கினேன்.

டீ.ஓ. ஐயா, அந்த ஒரு பஸ்ஸுக்குப் பின் பகல் முழுவதும் பயணிகள் இல்லாமல் தரிப்பிடம் வெறுமையாய் இருந்தது என்று எழுதிவிட்டாராம். ஆசிரியர் ஐயா, தாங்கள் படித்தவர், தாங்களே சொல்லுங்கள். பஸ் வந்து போனபின் வெறுமையாய் இருப்பதுதானே ஒரு தரிப்பிடத்தின் வேலை? நிறைந்திருந்தால் அல்லவா பஸ் வரவில்லை என்று அர்த்தம்? அதோடு, குப்பை எடுக்கிற சபை டிரக்டர் எங்கள் வீதிக்கு வருகிற நாளெல்லாம் அந்த நிழலில்தான் நிற்கிறது. சபை ஊழியர்கள் அங்கேதான் சாப்பாட்டைப் பிரிக்கிறார்கள். நுளம்புக்குப் புகை அடிக்க வருகிறவர்களும் அப்படியே. சபையே பாவிக்கிற இடத்தைப் பாவனையில் இல்லாதது என்று சபையே எப்படிச் சொல்லும்?

நியாயம் பேசிக் களைத்துவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன். அதை உடைத்தால் நான் அவரை எங்கே போய்ப் பார்ப்பது? கடல் பெரிது ஐயா. விரலை நீட்டி, இந்த இடம் என்று காட்ட ஏலாது. எனக்கு என்று காட்ட இருக்கிற இடம் இது ஒன்றுதான். கல்லுக்கும் தகரத்துக்கும் நான் அழவில்லை. ஆகையால் இந்தக் கடிதத்தை ஒரு சொல்லும் வெட்டாமல் முதல் பக்கத்தில் போட்டு, தவிசாளர் அவர்களின் கண்ணிலும் படச்செய்து, அந்தத் தரிப்பிடத்தில் சுத்தியல் விழாமல் காக்கும்படி தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தங்கள் பிள்ளைகுட்டிகள் கல்வியிலும் சுகத்திலும் குறைவில்லாமல் வளரவும், தங்கள் வீட்டுக் கிணறு உவராகாமல் இருக்கவும் மாதா துணை நிற்பாராக. தங்கள் வீட்டு அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
வ. மாக்கிறட்

பி.கு.: ஐயா, மேலே எழுதியது ஒன்றையும் போட வேண்டாம். இதைத் தபாலில் சேர்க்கப் புது வீதிச் சந்திக்குப் போனேன். கிளினிக் நாள். மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சந்தியில் ஒதுங்க ஓர் ஓலைத்துண்டுகூட இல்லை. பெண்பிள்ளைகள் கைக்குழந்தைகளோடு நனைந்துகொண்டு நிற்கிறார்கள். ஒருத்தி குழந்தையின் தலைக்குக் கிளினிக் அட்டையைப் பிடித்திருந்தாள். என் குடைக்குள் கூப்பிட்டேன். வந்து நின்றவள், நான் யாரென்று தெரியாமல், “அங்க பழைய றோட்டில ஒரு ஹோல்ட் சும்மா கிடக்குதாமே ஆச்சி, அத இங்க தூக்கி வச்சா என்ன? கேக்க ஒரு மனுசரும் இல்லையா?” என்றாள். குழந்தை என் விரலைப் பிடித்திருந்தது. என் மனுசன் இருந்திருந்தால் பதில் சொல்லிக்கொண்டு நின்றிருக்கமாட்டார், கூரையைக் கழற்றப் போயிருப்பார்.

உடைக்கச் சொல்லுங்கள். ஆனால் பெரிய சுத்தியலால் அடிக்க வேண்டாம். தகரம் நல்லது, கம்பியில் அடித்திருப்பது வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ற், இருக்கைப் பலகை வேப்பமரம். கழற்றிக் கொண்டுபோய் அந்தச் சந்தியில் நிறுத்தச் சொல்லுங்கள். புதிதாய்க் கட்டுகிறதில் தனி ஆட்களின் பெயர் போட விதி இடம் தராது என்று டீ.ஓ. ஐயா அன்றைக்கு நானாவிடம் சொன்னாராம். போட வேண்டாம். பேரப்பிள்ளைகளின் பெயரும் வேண்டாம். அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வேன்.

கட்டி முடிந்ததும் மடலுக்குப் படம் பிடிக்கிற ஆளை அனுப்பி, ஒரு படம் எடுத்து, என் விலாசத்துக்குத் தபாலில் போட்டுவிடவும். நானே போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் அங்கே நின்றால் பஸ்ஸெல்லாம் எனக்காக நிறுத்தும்; ஏறாமல் நிற்க எனக்கு வெட்கம். படம் எடுக்கிறபோது ஆட்கள் இருக்கிற நேரமாய்ப் பார்த்து எடுக்கச் சொல்லவும். மழை நாளென்றால் இன்னும் நல்லது.