இருபது ஜோடிக் காதுகள்

வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை வரும் டாக்டர் ஸ்லாவிட்சா அன்று பாலர் பள்ளிக்குள் நுழைந்தபோது, திறந்த சன்னலுக்குக் கீழே இருபது குழந்தைகளும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

குறுக்குக் காற்று பட்டால் பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வைக்கும் என்று நீஷ் நகரமே சத்தியம் செய்யும், அவருடைய துறைத்தலைவர் உட்பட. அது சுத்தப் புரளி என்று நிரூபிக்கத்தான் இந்த ஆராய்ச்சி. இந்த அறையில் குளிர்காலம் முழுக்கச் சன்னல் திறந்திருக்கும், எதிர் அறையில் மூடியிருக்கும். வசந்தத்துக்குள் முடிவு வராவிட்டால் வேலை போய்விடும் என்று தலைவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

"குல்லாயைக் கழட்டுங்க!"

அடுத்த வாரம் எல்லார் காதிலும் பஞ்சு.

"பஞ்சும் கூடாது!"

அதற்கடுத்த வாரம் நாலு பிள்ளைகள் வரவேயில்லை. மில்யானா என்ற தாய் மட்டும் சண்டைக்கு வந்தாள்.

"எம் புள்ளை காதை உங்க ஆராய்ச்சிக்கு நேர்ந்து விட்டிருக்கா, டாக்டரம்மா?"

"கையெழுத்துப் போட்டுத்தானேம்மா சேர்த்தீங்க? ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு."

"உங்களுக்குப் புள்ளைகுட்டி இருக்கா?"

இல்லை. இருந்தது இந்த வேலை ஒன்றுதான். வீட்டுக்குப் போய், ஆறிப்போன அவரைக்காய்ச் சூப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

மறுநாள், சன்னல் திறந்த அறையில் ஒரு பிள்ளைக்குக் காது வலித்தாலும் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கதவில் ஒட்டினார். தாய்மார்கள் உற்சாகமாகப் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பினார்கள். வலி எப்போது வரும் என்று வாசலில் நின்று விசாரிக்கவும் செய்தார்கள்.

யாராவது சன்னலில் கைவைத்துவிடுவார்களோ என்று பயந்துபோன ஸ்லாவிட்சா, இரண்டு அறைச் சன்னல்களின் பொறுப்பையும் ஆயா தெசங்காவிடம் கொடுத்தார்.

"அக்கா, உங்களை நம்பித்தான் இருக்கேன்."

"கவலைய விடுங்க, டாக்டரம்மா."

குளிர்காலம் முடிந்தது. மூடிய அறையில் பதினோரு பிள்ளைகளுக்குக் காதுவலி. திறந்த அறையில் ஒன்றுகூட இல்லை! ஸ்லாவிட்சா கணக்கை மூன்று முறை சரிபார்த்துவிட்டு அறிக்கையை அனுப்பினார். தலைவரே எழுந்து நின்று கைகுலுக்கினார். அடுத்த மாதம் பெல்கிரேடு மாநாட்டில் ஸ்லாவிட்சாதான் முதல் பேச்சாளர்.

ஆயாவுக்கு ஒரு பொட்டலம் காபி வாங்கிக்கொண்டு ஓடினார்.

"அக்கா, பார்த்தீங்களா? குறுக்குக் காத்துக்கும் காதுவலிக்கும் சம்பந்தமே இல்ல!"

தெசங்கா பொட்டலத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அட போங்க டாக்டரம்மா, எதிர் ரூம்ல அடுப்பு புகையுதுன்னு குளிர்காலம் பூரா சன்னல் திறந்தேதான் கிடந்துச்சு, நீங்க வர்ற செவ்வாய்க்கிழமை மட்டுந்தானே அதைச் சாத்திட்டு இந்த ரூம் சன்னலைத் திறந்து வெப்பேன்!"