பதினோராம் பக்கம்

ஒரு மென்பொருளின் புதுப் பதிப்போடு வரும் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த மனிதர் பெங்களூரிலேயே ஒருவர்தான். அதை எழுதியவர்களே அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. அவரை நாங்கள் உபதேசியார் என்று கூப்பிட்டோம். பிறந்து வளர்ந்தது மர்பி டவுன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிப்பவர். மற்ற நாட்களில் பொம்மனஹள்ளியில் எங்கள் ஆபீஸின் வெப் சர்வரைப் பார்த்துக்கொள்பவர். இரண்டு இடத்திலும் குரல் ஒன்றுதான்.

வெப் சர்வர் என்றதும் பயப்பட வேண்டாம். ஹோட்டல் சப்ளையர் வேலைதான். நீங்கள் போனில் ஒரு முகவரியைத் தட்டினால், உள்ளே போய்ப் பக்கத்தை எடுத்து வந்து கொடுக்கும் மென்பொருள். அதற்கு அவ்வப்போது புதுப் பதிப்பு வரும். மற்ற ஆபீஸ்களில் அதை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். எங்கள் ஆபீஸில் உபதேசியார் குறிப்பை பிரிண்ட் எடுத்து, பின் அடித்து, மீட்டிங் ரூமில் நின்றுகொண்டு உரக்க வாசிப்பார்.

"புதியவை. ஒண்ணு. ஒரே சமயத்துல வர்ற கனெக்‌ஷனுக்கு இனிமே தனித்தனியா வரம்பு வெக்கலாம்."

நிறுத்துவார். நாங்கள் நால்வரும் "கேட்டோம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அந்த வரிக்கு நேரே பென்சிலில் டிக் விழும். எழுத்துப்பிழை திருத்தப்பட்டது என்ற வரிக்கும் இதே மரியாதை. ஒருநாள் எங்களில் ஒருவன், "இதெல்லாம் எதுக்குண்ணா?" என்றான்.

"தப்புதான்னு ஒத்துக்கிட்டு எழுதியிருக்கான்ல. அதக் காது குடுத்தாவது கேளுப்பா. சும்மா சும்னே டிக் போட எனக்கு வராது."

'நீக்கப்பட்டவை' பகுதி வந்தால் மட்டும் உட்கார்ந்து, குரலை இறக்கி வாசிப்பார். ஒருமுறை ஏதோ ஒரு வசதியை எடுத்துவிட்டார்கள். அதை எங்கள் ஆபீஸில் யாரும் தொட்டதே இல்லை. ஆனாலும் அன்று மதியம் எல்லோரும் பிரியாணி சாப்பிட, அவர் தயிர்சாதம் வாங்கிக்கொண்டார்.

எங்கள் மேடம் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஒருநாள் எட்டிப்பார்த்து, "இது மீட்டிங்கா, பூஜையா?" என்று கேட்டார். "ரெண்டும் இல்ல மேடம். எச்சரிக்கை," என்றார் உபதேசியார்.

ஊரே புதுப் பதிப்பை ராத்திரியில் ஏற்றும். இவர் காலை பத்து மணிக்குத்தான் ஏற்றச் சொல்வார். "உடையறதுன்னா வெளிச்சத்துல உடையட்டும். எல்லாரும் முழிச்சிருப்பாங்க" என்பது அவர் வாதம்.

இனி என் கதை. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ஏற்கனவே இரண்டு கம்பெனிகள் என்னை மரியாதையாக வழியனுப்பியிருந்தன. இங்கே சேர்ந்து ஆறு மாதம் முடிகிற வாரம் அது. வெள்ளிக்கிழமை மேடம் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் மூன்றாவது வழியனுப்பல். செவ்வாய்க்கிழமை வாசிப்பு நடந்தது. மேஜைக்கு அடியில் என் போனில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரியை உபதேசியார் இரண்டு முறை வாசித்தார். இரண்டு முறையும் "கேட்டோம்" என்றேன். ஒருமுறை அவர் நிறுத்தும் முன்பே நான் மட்டும் தனியாகச் சொன்னதாக ஞாபகம்.

புதன்கிழமை பத்து மணிக்குப் பதிப்பை ஏற்றியது நான்தான். குறிப்பில் சொன்ன மாற்றங்களைச் செய்ய வேண்டியதும் ஏற்றுகிறவர்தான். எல்லாம் ஜோராக ஓடியது. ஒரு மணிக்குப் போன் வந்தது. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரி எங்கள் வாடிக்கையாளர். அங்கே கட்டைவிரல் வைத்து வருகை பதியும் பழைய மெஷின்கள் எங்கள் சர்வரோடு பேசும். அன்று பேச்சுவார்த்தை முறிந்திருந்தது. சாப்பிட்டுத் திரும்பிய பெண்கள் கேட்டுக்கு வெளியே வரை வரிசையில் நின்றார்கள். விரல் பதியாவிட்டால் அரை நாள் லீவு.

"எல்லாரும் வெரல தொடச்சுத் தொடச்சு வெக்கிறாங்க சார். ஒரு அக்கா சோப்பு போட்டே கழுவிட்டு வந்துட்டாங்க. அப்பவும் எடுக்கல," என்றார் சூப்பர்வைசர்.

உபதேசியார் கையில் தாள்களோடு வந்து என் பின்னால் நின்றார். ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை. "பதினொண்ணாம் பக்கம். கீழருந்து மூணாவது வரி," என்றார்.

விஷயம் இதுதான்: பழைய பாதுகாப்பு முறையில் பேசும் கருவிகளுக்குப் புதுப் பதிப்பு தானாகப் பதில் சொல்லாது, சொல்ல வேண்டுமானால் செட்டிங்கில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மூன்று தடவை தப்பாகத் தட்டினேன். சற்று நேரத்தில் அங்கே வரிசை நகர ஆரம்பித்தது.

அதற்குள் மேடம் வந்துவிட்டார். "ஏனாயித்து? என்ன ஆச்சு? இது நோட்ஸ்ல இருந்துச்சா, இல்லியா?"

உபதேசியார்தான் பேசினார்.

"இருந்துச்சு மேடம். நான்தான் வாசிக்கல. ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டிருந்தது, சேத்துப் புரட்டிட்டேன்."

அவர் கையில் இருந்த பதினோராம் பக்கத்தில் அந்த வரிக்கு நேரே டிக் இருந்தது. அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா?" என்றார் மேடம்.

"வயசாகுதுல்ல மேடம்."

வெள்ளிக்கிழமை கையெழுத்து விழுந்தது. லிஃப்டில் உபதேசியார் தனியாக மாட்டியபோது, "ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உன் பொண்ணு என்ன படிக்குது?"

"ஒண்ணாவதுண்ணா."

"வரி விடாம படிக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஆபீஸில் அவர் பெயர் மாறியது. உபதேசியார் போய், 'பதினொண்ணு' ஆனார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, பக்கத்தைத் தவறவிட்ட மனிதர் என்று சொல்லித்தான் அவரை அறிமுகப்படுத்தினார்கள். அவர் ஓய்வு பெற்ற நாளில் கேக் மேல் க்ரீமில் பதினொன்று என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வெட்டினார். முதல் துண்டை என் தட்டில் வைத்தார். நான் அதைத் தொடாமல் தட்டை மேஜையில் வைத்தேன்.

என்னை நிறுத்திவிட்டால் பிள்ளைக்கு ஸ்கூல் மாற்ற வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் எப்படியோ தெரிந்துவைத்திருந்தார். தன் வாழ்நாளில் அவர் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே விஷயத்தை எனக்காகத் தூக்கிக் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு, இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

அவர் எந்தப் பக்கத்தையும் தவறவிடவில்லை. மேடத்துக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. தெரிந்தவர்கள் யாராவது இதை அவருக்கு வாசித்துச் சொல்லிவிடுங்கள்.