பாதி வயிற்றுச் செட்டியார்

டாக்டர் கத்தி வைத்துவிட்டார், இனி நம் உடம்பு அவர் பொறுப்பு என்று கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற ஒரு ரகம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸ் கடைவீதியில் அரிசிக் கடை கோதண்டராமச் செட்டியாரைப் பார்த்தால் போதும், அந்த ரகத்தில் மிச்சம் பார்க்க ஒன்றும் இருக்காது.

அறுபத்தாறாம் வருஷம் வயிற்றுப் புண் முற்றிப்போய், பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய வயிற்றில் பாதியை வெட்டி எடுத்தார்கள். தொண்ணூற்றெட்டு கிலோவாகப் போனவர் ஒரே வருஷத்தில் எழுபத்தொன்றுக்கு வந்தார். அனுப்பும்போதே டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: முதல் ஒன்றிரண்டு வருஷம் எடை இறங்கும், பிறகு நிற்கும், வாயைக் கட்டாவிட்டால் மெல்லத் திரும்பி ஏறும், ஆகவே ஆயுசுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகவே சாப்பிடுங்கள். செட்டியார் வீடு கொண்டுவந்து சேர்த்தது 'இறங்கும்' என்பதையும் 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பதையும்தான். மற்றதெல்லாம் பங்காருப்பேட்டையில் ரயில் மாறும்போது எங்கேயோ விழுந்துவிட்டது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு சடங்கு நடந்தது. சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து அரிசிக்குப் பெண்கள் வரிசையில் நிற்கிற நேரம் பார்த்து, மூட்டை நிறுக்கிற தராசில் செட்டியார் செருப்பைக் கழற்றிவிட்டு, தேரில் சாமி ஏறுகிற மாதிரி ஏறுவார். எடை போடுகிற நாகேஷ் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதும் பிரசங்கம். அடுத்த தீபாவளிக்கு அறுபது என்பார். கத்தி பட்ட சதை இந்த ஜென்மத்தில் திரும்பாது என்பார். பெருத்தவர் யார் வந்தாலும் வயிற்றில் விரலால் குத்தி, ஆஸ்பத்திரி விலாசம் சொல்வார். ஒரு தடவை அப்படிக் குத்துப்பட்டவர் சுரங்கத்தில் ஆட்களைக் குழிக்குள் கொண்டுபோகும் கேஜ் கூண்டை ஏற்றி இறக்குகிற ஆறுமுகம். அவர் சாவதானமாக, இறங்கின கேஜ் ஏறாமலா போகும் செட்டியாரே என்று கேட்டார். கடையே சிரித்தது. செட்டியார் மட்டும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டில் அவர் டாக்டர் பேச்சைத் தட்டியதே கிடையாது. ஒரு தடவைக்கு ஒரு பிடி, அதற்கு மேல் தொடமாட்டார். விடிந்ததும் வெல்லம் போட்ட பால், கடை திறந்ததும் ஒரு பிடி முந்திரி, அரை மணி கழித்து ஒரு பிடி பொட்டுக்கடலை, அதன் தாகத்துக்குக் கரும்புச் சாறு, சாறு இனித்துவிட்டதே என்று ஒரு பிடி காராபூந்தி, காரம் நாக்கில் நிற்கிறதே என்று ஒரு கட்டி வெல்லம். எத்தனை தடவை என்று டாக்டர் சொன்னாரா? இல்லையே. அவர் சம்சாரம் பத்மா சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் வருஷம் எண் ஏறத் தொடங்கியது. எழுபத்தைந்து என்றால் இடுப்புச் சாவிக்கொத்தின் கனம் என்பார். எழுபத்தொன்பது என்றால் மழையில் நனைந்த வேட்டி. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் தலைவலி வர ஆரம்பித்தது.

ஆறுமுகம் விடுவாரா? ஒரு ஞாயிறு, முழு வரிசை நிற்கும்போது, இன்னா செட்டியாரே ரொம்ப நாளாத் தராசு பக்கமே காணோம் என்று இழுத்தார். மானம் போகிற இடத்தில் மனுஷன் யோசிப்பானா? ஏறிவிட்டார். நாகேஷ் பழக்க தோஷத்தில் கத்தினான்.

"எண்பத்தாறு!"

செட்டியாருக்குக் காது அடைத்தது. வாய் மட்டும் வேலை செய்தது.

"தராசு கெட்டுப் போச்சு. பதினஞ்சு கிலோ கூடக் காட்டுது."

அப்போதுதான் அதே தராசில் அரிசி வாங்கி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த பழனியம்மா நிமிர்ந்தாள்.

"இன்னா செட்டியாரே, அப்ப எனக்கு இருபத்தஞ்சு கிலோன்னு போட்டியே, அது இன்னா கணக்கு?"

அவளுக்குப் பின்னால் நின்ற முப்பது பேரும் தங்கள் பைகளைப் பார்த்தார்கள். கோலாரில் தங்கம் நிறுக்கிறவனைக்கூடச் சந்தேகப்படுவார்கள். மூன்று தலைமுறையாக இந்தக் கடை அரிசியை எவரும் சந்தேகப்பட்டதில்லை. தராசு பொய் என்றால் கடை போச்சு. தராசு மெய் என்றால் தன் மானம் போச்சு. தராசின் மேல் நின்றபடியே செட்டியார் வேர்த்தார்.

"தராசு சரியாத்தாம்மா இருக்குது," என்றார். "நான்தான் ஏறிட்டேன்."

பழனியம்மா அதையும் நம்பவில்லை. மூட்டையைப் பிரித்து, படிக்கல் வைத்து மறுபடி நிறுக்கச் சொல்லி, சரியாக இருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போனாள்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த ஞாயிறே பழி பெங்களூருக்குப் போய்விட்டது. பாதி வெட்டியதுதான் தப்பாம், முக்கால் வெட்டியிருக்க வேண்டுமாம். சொல்லும்போது வாயில் முந்திரி.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன மாசம் சட்டை இறுகியதற்குத் தையற்காரரோடு சண்டை போட்டது யார்? டாக்டர் சொன்னதில் கசந்த பாதியை வழியிலேயே விட்டுவிட்டு வந்தது யார்? உங்கள் பொய்யைத் திருப்பிக் கேட்க அரிசிப் பையோடு பின்னால் ஒரு வரிசை நிற்கவில்லை, அந்த ஒரு தைரியத்தில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?